மீனைத் திரும்ப விட்ட ரோபோ

குன்றத்தூரில், மலைக்கோயில் படிக்கட்டு தெரிகிற ஒரு மாடி அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். பாய் இரண்டு, நாற்காலி ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று. மூன்று பேருக்கு இரண்டு பாய் எப்படிப் போதும் என்று கேட்கிறவர்கள் ஷிப்ட் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். எங்களில் ஒருவன் எப்போதும் ஒரகடம் தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு கம்பெனி லைனில் நின்றுகொண்டிருப்பான். மிச்சம் இரண்டு பேருக்கு இரண்டு பாய் தாராளம்.

நான் கோவில்பட்டிப் பக்கம். மூவரில் மூத்தவன், முன்கோபி. அடுத்தவன் அரக்கோணத்துக்காரன். தினமும் ஊரிலிருந்து ரயில், பஸ் என்று மாறி வந்து ஷிப்ட் பிடிக்க முடியாமல் எங்களோடு ஒட்டிக்கொண்டவன். தூங்கும்போது மட்டும் வாய் மூடியிருக்கும், அதுவும் முழுசாக இல்லை. மூன்றாமவன் தென்காசிக்காரன், எங்களில் இளையவன். ஸ்பாட் வெல்டிங் லைனில் காண்ட்ராக்ட் ஆள். பற்றவைத்த ஒவ்வொரு பீஸையும் பார்த்துவிட்டு மார்க்கரால் ஒரு டிக் போட வேண்டும். லைன் போகிற வேகத்தில் எல்லோரும் பாராமலே டிக் போட்டுத் தள்ளுவார்கள். இவன் மட்டும் குனிந்து பார்ப்பான். சூப்பர்வைசர் கத்துவார். அறைக்கு வந்து, பார்க்காமல் எப்படிண்ணே டிக் போட முடியும் என்று என்னிடம் நியாயம் கேட்பான். பிழைக்கத் தெரியாத பயல் என்று நானும் என் பங்குக்குத் திட்டுவேன்.

இனி அந்தக் கடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நினைத்தாலே எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை இணையத்தில் விற்று, அதன் வழியாகவே விளையாடவும் விடுகிற ஒரு சேவை அது. நாங்கள் கடை என்றுதான் சொல்வோம். ஊரில் ஷட்டரைத் தூக்கினால் கடை திறந்துவிடும். இது அப்படியில்லை. திறந்ததும் முதலில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். நாம் யூனிஃபார்ம்கூட மாற்றாமல் உட்கார்ந்து, ஒரு நீலக்கோடு நகர்வதை வேடிக்கை பார்க்க வேண்டும். அது முடிந்ததும் விளையாட்டு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அதுவும் முடியப் போகிற நேரத்தில் கரண்ட் போகும். கரண்ட் வந்தால் பாஸ்வேர்டு கேட்கும். சரியாகப் போட்டாலும் நம்பாது. நீதானா என்று மின்னஞ்சலுக்கு ஒரு எண் அனுப்பும். அந்த எண் வந்து சேர்வதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். கீபோர்டை எத்தனையோ தடவை ஓங்கியிருக்கிறேன். மூன்று பேர் பங்கு போட்டு வாங்கியது என்பதால் கீழே வைத்துவிடுவேன்.

அந்தக் கடை ஒரு வாரம் சும்மா கொடுத்த விளையாட்டு ஒன்றில் நாங்கள் மாட்டிக்கொண்டோம். நடுக்கடலில் ஒரு தீவு. அதில் ஊர் கட்ட வேண்டும். சுவர் எழுப்பலாம், மரம் நடலாம், மீன் பிடிக்கலாம். வேறு தீவுக்காரர்கள், அதாவது உலகத்தில் எங்கெங்கோ உட்கார்ந்திருக்கிற ஆட்கள், படகில் வந்து சாமான் வாங்கிப் போவார்கள். சுட வேண்டியதில்லை, ஓட வேண்டியதில்லை. லைனில் எட்டு மணி நேரம் நின்று வந்தவனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆனால் அந்த விளையாட்டைச் சீண்ட ஒரு நாதி இல்லை. கடையில் ஒரு பட்டியல் உண்டு. இந்த நிமிடம் எந்த விளையாட்டை எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று வரிசைப்படுத்திக் காட்டும். மேலே இருப்பதெல்லாம் துப்பாக்கி விளையாட்டு. லட்சக்கணக்கில் ஆள். எங்களுடையது பட்டியலிலேயே கிடையாது. பெயரைத் தட்டித் தேடினால்தான் வரும், பக்கத்தில் நாற்பதோ ஐம்பதோ என்று ஓர் எண்ணோடு. கேன்டீனில் சொன்னால் சிரிப்பார்கள். கம்ப்யூட்டரில் மீன் பிடிப்பதற்கு செம்பரம்பாக்கம் ஏரிக்கே போகலாமே என்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பிள்ளையை யாரோ குறை சொன்ன மாதிரி இருக்கும்.

அந்த எண்ணைப் பார்ப்பது எங்களுக்கு ஒரு வியாதியாகிவிட்டது. பல் தேய்க்கும்போதே எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்வோம். ஒருநாள் பத்தொன்பது என்று காட்டியது. ஆள் இல்லாத விளையாட்டை மூடிவிடுவார்கள் என்று அரக்கோணத்துக்காரன் எங்கேயோ படித்துவிட்டு வந்திருந்தான்.

"நம்ம எய்ந்து போனா ஒன்னு கொறையுதுண்ணா. பத்தொம்பதுல ஒன்னுன்னா சும்மாவா? நம்ம சீட்டு காலியாவே கூடாது" என்றான்.

இதில்தான் எங்கள் புத்தி வேலை செய்தது. லைனில் ஒரு பழக்கம் உண்டு. ஷிப்ட் மாறும்போது லைன் நிற்காது. நான் கையை எடுக்கிற இடத்தில் அடுத்த ஆள் கையை வைப்பான். ஹேண்டோவர் நோட்டில் ‘லைன் ஓடுது, பிரச்சினை இல்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கிளம்புவோம். அதையே அறையிலும் செய்தோம். மூன்று பேருக்கும் கடையில் ஒரே கணக்கு, ஒரே அக்கவுண்ட். எங்கள் பெயர்களில் ஆளுக்கு ஓர் எழுத்து எடுத்துச் செய்த ஒரு பெயர். ஒருவன் எழுந்தால் அடுத்தவன் உட்காருவான். விளையாட்டை யாரும் மூடுவதில்லை. தீவின் நடுவில் ஒரு பலகை நட்டு, அதில் செய்தி எழுதி வைப்போம். தமிழ் எழுத்து போட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். ‘சாம்பார் இருக்கு, சோறு மட்டும் வை.’ ‘கேஸ் தீருது.’ ‘உங்கம்மா போன் பண்ணாங்க, திட்டுனாங்க.’ கடைசியில் எப்போதும், ‘லைன் ஓடுது, பிரச்சினை இல்லை.’ ஒரே அறையில் இருந்தும் மூவரும் சேர்ந்து விழித்திருப்பது ஓவர்டைம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். மற்ற நாட்களில் எங்கள் குடும்பமே அந்தப் பலகையில்தான் நடந்தது.

ஓர் இடத்தில் மட்டும் சிக்கல். நான் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கும் அரக்கோணத்துக்காரன் ஷிப்ட் முடிந்து வருவதற்கும் நடுவே இரண்டு மணி நேரம் இடைவெளி. எந்த வாரம் எந்த ஷிப்ட் மாறினாலும் அந்த இடைவெளி மாறாது. அந்த நேரத்தில் தென்காசிக்காரன் பாயில் கட்டையாகக் கிடப்பான். எழுப்ப மனசு வராது. ஆனால் அரை மணி நேரம் எந்தக் கீயையும் தொடாவிட்டால் கடை எங்களை வெளியே தள்ளிவிடும். எண்ணில் ஒன்று குறையும். யோசித்தேன். லைனில் கழித்துப் போட்ட போல்ட் ஒன்று என் சட்டைப் பையில் கிடந்தது. அதை ஸ்பேஸ் கீ மேல் படுக்கவைத்தேன். தீவில் எங்கள் ஆள் கையை ஆட்டிக்கொண்டே நின்றான். அரக்கோணத்துக்காரனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவன் வந்ததும் போல்ட்டை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு உட்காருவான். தென்காசிக்காரனிடம் சொல்லவில்லை. பார்க்காமல் டிக் போடாதவனிடம் இதை எப்படிச் சொல்வது?

எங்கள் தீவுக்கு வாடிக்கையாக ஒரு படகு வரும். ஓட்டுகிறவர் எந்த நாடு, என்ன வயது, எதுவும் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது என்று ஒருமுறை எழுதியிருந்தார். மாதக்கணக்கில் தவறாமல் வந்து மீன் வாங்கிப் போனதால் அரக்கோணத்துக்காரன் அவருக்குச் சித்தப்பா என்று பெயர் வைத்துவிட்டான். சித்தப்பா வந்தாரா, எவ்வளவு மீன் எடுத்தார் என்பதும் பலகையில் எழுதப்படும்.

இப்படி ஒரு வருஷம் போல ஓடியது. 2014 முடிகிற சமயம், தென்காசிக்காரனின் லைனில் மஞ்சள் நிறத்தில் ரோபோக் கைகள் வந்து இறங்கின. முதல் நாள் அவனே வியந்துபோய் வந்து சொன்னான், என்ன நிதானம், ஒரு வெல்டிங் பொட்டுகூட இடம் மாறாமல் வைக்கிறது என்று. இரண்டே மாதத்தில் காண்ட்ராக்ட்காரர் அவனைக் கூப்பிட்டு, இந்த மாதத்தோடு கணக்கை முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அவன் ஊரில் மாமாவின் மொபைல் கடையில் உட்காரப் போவதாகச் சொன்னான். அன்றைக்குப் பலகையில் அவன் எழுதியது, ‘லைன் ஓடுது, பிரச்சினை இல்லை’ மட்டும்தான். எனக்கு அதைப் படிக்கவே கஷ்டமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு மதியம். மூவரும் அறையில். கோழிக் குழம்பு அடுப்பில். அரக்கோணத்துக்காரன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன் அப்படியே பேசாமல் இருந்தான். அவன் பேசாமல் இருந்தால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். போய்ப் பார்த்தேன். தீவு இல்லை. வெறும் வெள்ளைத் திரையில் நாலு வரி. இந்தக் கணக்கு மனிதரால் இயக்கப்படவில்லை என்று கண்டறிந்திருக்கிறோம், இரவும் பகலும் ஓய்வில்லாமல் எந்த மனிதரும் விளையாடுவதில்லை, ஆகவே தானியங்கி ரோபோ என்று கருதி நிறுத்திவைக்கிறோம், முப்பது நாளில் அழிக்கப்படும், ஆட்சேபம் இருந்தால் எழுதலாம். அரக்கோணத்துக்காரன் தட்டுத்தடுமாறித் தமிழில் சொல்லி முடித்தான்.

தென்காசிக்காரன் கரண்டியோடு நின்றிருந்தான்.

"அங்க ரோபோ வந்துட்டுன்னு என்னைய அனுப்புதாவ. இங்க நாந்தான் ரோபோன்னு அனுப்புதாவ. நல்ல கதைதாம்ணே" என்றான்.

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தப் போல்ட் ஜன்னலில்தான் இருந்தது. அரக்கோணத்துக்காரன் என்னைப் பார்த்தான், நான் போல்ட்டைப் பார்த்தேன், இரண்டு பேரும் குழம்பைப் பற்றிப் பேசினோம். தென்காசிக்காரன் போவதற்குள் அந்த ஊரை மீட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி பிடித்தது. ஒரு வருஷம் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட அத்தனையும் அந்தத் தீவில்தான் இருந்தது. என்னால் போனது அது.

முதல் கடிதம் கோபத்தில் எழுதினேன். யாரைப் பார்த்து ரோபோ என்கிறாய் என்கிற தோரணையில். வந்த பதிலில் நன்றி என்று தொடங்கி, உங்கள் உணர்வு புரிகிறது என்று போய், முடிவில் மாற்றமில்லை என்று முடிந்தது. கீழே யாரோ ஒரு பெண் பெயர். இரண்டாவது கடிதத்தில் பொய் சொன்னேன். நான் ஒரே ஆள்தான், எனக்குத் தூக்கம் வராத வியாதி என்று. அதே பதில் எழுத்து மாறாமல் வந்தது, கீழே ஆண் பெயர். மூன்றாவதற்கும் அதேதான். என்னை ரோபோ என்று சொல்வதற்கு ஒரு ரோபோவை உட்காரவைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொல்லலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மூன்று பேர் ஆடினோம் என்று ஒப்புக்கொண்டால், ஒரு கணக்கைப் பலர் பயன்படுத்துவது குற்றம் என்று இன்னொரு சட்டம் இருந்தது. ஒரே ஆள் என்றால் ரோபோ. மூன்று பேர் என்றால் மோசடி. போடா, நீயும் உன் கடையும் என்று கத்திவிட்டுப் பஸ்ஸுக்குப் போனேன்.

காப்பாற்றியது சித்தப்பா. கடையில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஆட்கள் பேசிக்கொள்ள ஒரு பக்கம் உண்டு. எங்கள் தீவைக் காணாமல் தேடியவர், அது இருந்த இடத்தில் தொங்கிய அறிவிப்பைப் பார்த்து விஷயம் தெரிந்து அதில் எழுதியிருந்தார். அரக்கோணத்துக்காரன் அதை வரி வரியாகப் படித்து எனக்குச் சொன்னான். அது ரோபோ இல்லை, அவர்கள் மூன்று பேர், எனக்கு மூவரையும் தெரியும் என்று தொடங்கியிருந்தார். ஒருவர் சுவர் கட்டுவார். சின்னக் கோணல் இருந்தாலும் இடித்துவிட்டுத் திரும்பக் கட்டுவார். வணக்கம் சொன்னால் பதில் சொல்ல மாட்டார். அவர் போனதும் மீன்காரர் வருவார். பிடித்ததில் சின்ன மீனையெல்லாம் திரும்பக் கடலில் விடுவார். அதற்கப்புறம் பேரம் பேசுகிறவர் வருவார். வாயாடி, என்னைப் பலமுறை ஏமாற்றியிருக்கிறார். எந்த ரோபோ மீனைத் திரும்ப விடும் என்று முடித்திருந்தார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முகம் தெரியாத மனுஷன், நாங்கள் மூன்று பேர் என்பதை நாங்கள் கட்டிய சுவரையும் விட்ட மீனையும் வைத்தே தெரிந்துவைத்திருந்தார். ஒரு சந்தேகம் மட்டும் வந்தது. சுவர் கட்டுகிறவன் நான், மீன்காரன் தென்காசிக்காரன். நான் போனதும் மீன்காரர் வருவார் என்கிறாரே. நான் போனதும் அங்கே இருந்தது போல்ட்தானே? சித்தப்பாவுக்கு நேரம் குழம்பியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கு ஒரு வாரம் கழித்துக் கடையிலிருந்து முதல்முறையாக ஒரு மனிதர் எழுதினார். மனிதர் என்று எப்படித் தெரியும் என்றால், ஒரு எழுத்துப்பிழை இருந்தது. ரோபோ இல்லை என்று ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் ஒரு கணக்கு ஒரு ஆளுக்குத்தான், மூவரில் அந்த ஒருவர் யார் என்று எழுதினால் திறந்துவிடுகிறோம், இனி மற்ற இருவர் தொடக்கூடாது என்று இருந்தது. அதாவது சித்தப்பாவின் சாட்சி ஒரு வழக்கில் விடுதலையும் இன்னொன்றில் தண்டனையும் வாங்கிக் கொடுத்திருந்தது.

மூத்தவன் நீதான், உன் பெயரையே போடுண்ணா என்று அரக்கோணத்துக்காரன் சொன்னான். தென்காசிக்காரனும் அதையேதான் சொன்னான், ஊருக்குப் போகிறவனுக்கு எதற்கு என்று. நான் சரி என்று தலையாட்டிவிட்டு, இருவரும் இல்லாத ஒரு மத்தியானம் உட்கார்ந்து பதில் எழுதினேன். நாங்கள் மூன்று ஷிப்ட் ஆட்கள், நாற்காலி ஒன்றுதான் என்பதையெல்லாம் மறைக்காமல் எழுதினேன். அந்த ஒருவர் யார் என்ற இடத்தில் தென்காசிக்காரனின் பெயரைப் போட்டேன். போல்ட்டைப் பற்றி மட்டும் எழுதவில்லை. அவ்வளவு யோக்கியன் இல்லை நான்.

அவன் ஊருக்குப் போகிற அன்றைக்குத்தான் சொன்னேன். வேண்டவே வேண்டாம் என்று அடம்பிடித்தான். கம்ப்யூட்டரையும் அவனுக்கே கட்டினோம். பெட்டியைச் சுற்றி அவனுடைய இரண்டு யூனிஃபார்ம் சட்டை, அதற்கு மேல் போர்வை. பெருங்களத்தூரில் பஸ் ஏறும்போது ஒரு தாளை மடித்து அவன் பையில் வைத்தேன். பாஸ்வேர்டு, அதன் கீழே, ‘லைன் ஓடுது, பிரச்சினை இல்லை.’ பஸ் போனதும் அரக்கோணத்துக்காரன் டீ வாங்கித் தந்தான்.

அறை களையிழந்து போய்விட்டது. கொஞ்ச மாதம் கழித்து எனக்கு மறைமலை நகர் பக்கம் வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூர் அறைக்குத்தான் போவேன். அரக்கோணத்துக்காரன் ஒரு பழைய லேப்டாப்பும், எங்கிருந்தோ இன்னொன்று இரவலும் கொண்டுவந்திருந்தான். ஆளுக்கொரு புதுக் கணக்கு தொடங்கினோம். நாங்களே கட்டிய தீவுக்கு, வெளியாள் மாதிரி படகில் போய், கரையில் நின்று அனுமதி கேட்டோம். தென்காசிக்காரன் உள்ளே விட்டான். ஒரு கல் மாறவில்லை. நான் கட்டிய சுவர்கள் அப்படியே இருந்தன. மூவரும் விழித்தபடி ஒரே நேரத்தில் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றது அதுதான் முதல் தடவை. அரக்கோணத்துக்காரன் எண்ணைப் பார்த்துவிட்டு, நம்மால் இரண்டு கூடியிருக்கிறது என்று குதித்தான்.

எனக்கு அதற்குமேல் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. தட்டினேன். ‘தம்பி, உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. நான் கிளம்பும்போது ஸ்பேஸ் கீ மேல் போல்ட் வைத்துவிட்டுப் போவேன். அதனால்தான் ரோபோ என்று பிடித்தார்கள். தப்பு என்னுடையது.’

அவன் ஆள் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். எழுந்து போய்விட்டான் என்றே நினைத்தேன். அப்புறம் ஒவ்வொரு வரியாக வந்தது.

"தெரியும்ணே. நீங்க கதவச் சாத்துனதும் நான் எந்திச்சு அத எடுத்துருவேன்."

"ரெண்டு மணி நேரம் மீன் பிடிச்சிட்டு, அரக்கோணத்து அண்ணன் படி ஏறுற சத்தம் கேட்டதும் திரும்ப வச்சிட்டுப் படுத்துருவேன்."

"ஆள் இல்லாம கணக்குல ஒன்னுன்னு எப்படிண்ணே காட்ட?"

பக்கத்தில் அரக்கோணத்துக்காரன் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்துவிட்டான். ஒரு வருஷம். எங்கள் போல்ட்டுக்கு ஷிப்ட் பார்த்திருக்கிறான் பயல், தன் தூக்கத்தை விட்டுவிட்டு. சித்தப்பாவுக்கு நேரம் குழம்பவே இல்லை. திட்டலாம் என்று பார்த்தால் கண்ணில் எழுத்து தெரியவில்லை. கடைசியில், லைன் ஓடுதாடா என்று மட்டும் தட்டினேன்.

"ஓடுதுண்ணே" என்று வந்தது. "நீங்க அந்தத் தெக்குச் சுவரைப் பாருங்க. லேசாக் கோணி நிக்கி. உங்க கையாலதான் இடிக்கணும்னு விட்டு வச்சிருக்கேன்."